குருத்து வெட்டிய இடம்

தென்னையைத் தின்ன இரண்டு வண்டுகள் இருக்கின்றன. ஒன்று கறுப்பு, மற்றது சிவப்பு. மூதூர்ப் பக்கத்தில் வளவு வளவாகப் போய் இந்த இரண்டையும் பற்றிப் பேசிப் பேசி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். வண்டு குறையவில்லை. ஓய்வு பெற எனக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது. என் முழங்கால்கள் முந்திக்கொண்டு ஓய்வு பெற்றுவிட்டன.

நான் தென்னை உத்தியோகத்தர். பெயர் சுஹைரா, ஊர் கிண்ணியா. தென்னம்பிள்ளை காய்ந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். காய்வதற்கு முன்னால் கூப்பிட்டவர் ஒருவரையும் நான் இன்னும் காணவில்லை.

அன்றைக்குக் கட்டைபறிச்சானுக்குப் போனது மரத்துக்காக மட்டுமல்ல. அங்கே குலசிங்கம் என்பவரின் வளவில் மூன்று தென்னம்பிள்ளைகள் வருடத்துக்கு ஒன்றாகப் பட்டுப்போயிருந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் ஜவ்பர், பால் மாடு வளர்ப்பவர். அவருடைய கொட்டிலுக்குப் பின்னால் எருக்கும்பி, சாணக் குவியல். அதில் பிறந்த வண்டுதான் தன் பிள்ளைகளைத் தின்றது, கொட்டிலை அகற்ற வேண்டும் என்று குலசிங்கம் பிரதேச சபையில் முறைப்பாடு கொடுத்திருந்தார். "மிஸ் பார்த்து எருதான் காரணம் எண்டு சொன்னா, கொட்டிலை எடுக்கச் சொல்லுவம்," என்றார்கள் சபையில்.

கொட்டில் போனால் ஜவ்பருக்கு வேறு பிழைப்புக் கிடையாது. எருவில் குற்றமில்லை என்று நான் சொன்னாலோ, சுஹைரா மிஸ் தன் ஆளைக் காப்பாற்றிவிட்டார் என்று ஊர் பேசும். வண்டைப் பற்றிக் கேட்டால் எனக்குப் பதில் தெரியும். இவர்கள் வண்டைச் சாட்டாக வைத்துக்கொண்டு மனிதரைப் பற்றிக் கேட்கிறார்கள். ஸ்கூட்டியில் எங்கள் ஊர்க் கங்கைப் பாலத்தைக் கடக்கும்போதே எனக்கு அலுத்துவிட்டது.

குலசிங்கம் வேலிக் கடப்படியில் காத்து நின்றார். நீர்ப்பாசனக் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர், தோளில் துவாய், கையில் ஒரு ஜாம் போத்தல்.

"வாங்கோ மிஸ். முதல் இதைப் பாருங்கோ, பிறகு மரத்தைப் பாப்பம்."

போத்தலுக்குள் கருவண்டுகள் ஒற்றைக் கொம்போடு காலை மடக்கிச் செத்துக் கிடந்தன.

"எல்லாம் என்ர குருத்துக்குள்ள கம்பி விட்டு எடுத்தது. இது எங்கால வருது? அந்தா, அங்கால." வேலியைக் காட்டினார்.

"ஓம் ஐயா, கருவண்டு எருவுக்குள்ளதான் பிறக்கிறது," என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"கேட்டியே கனகம்மா, மிஸ்ஸே சொல்றா."

அவருடைய மனைவி கனகம்மா குசினியில் இருந்து தேத்தண்ணி கொண்டுவந்தார். நல்ல பால் தேத்தண்ணி. ஒரு வாய் குடித்துவிட்டு, பால் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். கனகம்மா அக்கா கணவரை ஒருமுறை பார்த்தார், வேலியை ஒருமுறை பார்த்தார்.

"முறைப்பாடு குடுத்தா பால் வாங்கப்படாது எண்டு இருக்கே மிஸ்?" என்றார் மெல்ல. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நாளில் வந்த சிரிப்பு அது ஒன்றுதான்.

பட்ட மரங்கள் மூன்றும் ஒரே வரிசையில் நின்றன. உச்சி கழன்று விழுந்து, மொட்டைக் கட்டைகளாக நின்றன. அடுத்தது நாலாவது மரம், உயிரோடு இருந்தது. அதன் ஓலைகள் கத்தரிக்கோலால் வெட்டியது மாதிரி முக்கோணம் முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தன. கருவண்டின் வேலை அது, மறைக்க ஏலாத வேலை. அடிமரத்தில் காதை வைத்துக் கேட்டேன். சத்தம் இல்லை. குருத்தைத் தொட்டுப் பார்த்தேன், பச்சையாக உறுதியாக இருந்தது.

பட்ட மரங்களுக்குத் திரும்பி வந்தேன். மூன்றிலும் மண்ணிறத்தில் ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. விரல் நுழைகிற ஓட்டைகள் இருந்தன. ஓட்டைகளுக்கு மேலே, மூன்றிலும் ஒரே உயரத்தில், மட்டையடியில் கத்தி வெட்டு. அதன்மேல் மஞ்சள் கறை.

"இது ஆர் வெட்டினது ஐயா?"

"நான்தான். அம்மனுக்குக் குருத்து எடுத்தது."

வைகாசிச் சடங்குக்கு அம்மன் கோயில் கதவு திறந்தால் முதல் தோரணத்துக்குக் குருத்தோலை இந்த வீட்டில் இருந்துதான் போகுமாம். அவருடைய அப்பாவின் காலத்திலும் அப்படித்தான். அந்தக் குருத்துக்கு ஒரு கட்டுப்பாடு. மரத்தில் கால் வைத்து ஏறி எடுத்தது அம்மனுக்கு ஆகாது. குளித்து முழுகி, நிலத்தில் நின்று, கை எட்டி வெட்ட வேண்டும். கை எட்டுகிற உயரம் என்றால் அது பிள்ளை மரமாகத்தான் இருக்கும். செவ்வண்டு தேடித் திரிவதும் அந்த வயது மரத்தைத்தான். வெட்டிய இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். வருடத்துக்கு ஒரு மரம்.

நான் முற்றத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்து, இத்தனை வருடமாகச் சொல்லும் கதையை இன்னொருமுறை ஆரம்பித்தேன். இரண்டும் தென்னையைத் தின்னும் வண்டுகள்தான், ஆனால் இரண்டின் சீவியமும் வேறு. கருவண்டுக்கு மரம் சாப்பாட்டுக் கடை. பிறப்பது எருவில், உக்கின கட்டையில். அதன் புழு மரத்தைக் கண்ணால் காண்பதில்லை. வளர்ந்த வண்டுதான் இருட்டினால் பறந்து வந்து, குருத்தைத் துளைத்துச் சாற்றைக் குடித்துவிட்டுப் போகும். ஓலை கிழியும், பார்க்கிறவருக்கு வயிறு எரியும், மரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். செவ்வண்டு அப்படியில்லை. அது சின்னது, சத்தம் போடாதது. மரத்தில் எங்கே காயம் இருக்கிறது என்று மணம் பிடித்து வரும். காயத்துக்குள் முட்டை வைக்கும். அதன் புழுவுக்குக் கால் கூட இல்லை, நடந்து போக வேண்டிய தேவை இல்லையே. பிறந்த இடத்திலேயே தின்று, மரத்தின் நார்த் தும்பாலேயே கூடு பின்னி, வண்டாகி, அங்கேயே பெண் எடுத்து அங்கேயே முட்டை வைக்கும். மரம் விழுந்தால்தான் வீடு மாறும். வகுப்புகளில் இதை வீட்டோடு மாப்பிள்ளை என்று சொல்லிச் சிரிக்க வைப்பேன். கிண்ணியாவில் மட்டும் சொல்வதில்லை. எங்கள் ஊரில் எல்லா மாப்பிள்ளையும் வீட்டோடுதான்.

"ஐயா, நாலாவது மரத்தைக் கருவண்டு இவ்வளவு கடிச்சிருக்கு, மரம் நிக்குது. செத்த மூண்டிலயும் கத்தி வெட்டு இருக்கு. சாகடிச்சது செவ்வண்டு. அது எருவில இருந்து வாறதில்லை. வெட்டின காயத்துக்கு வந்திருக்கு."

குலசிங்கத்தின் முகம் மாறியது. "அப்ப அம்மனுக்குக் குடுத்ததால மரம் செத்தது எண்டு சொல்றீங்க."

"காயத்துக்குத் தார் பூசியிருந்தா வந்திராது எண்டு சொல்றன்."

"தாரோ? அம்மனுக்கு வெட்டின இடத்தில தாரோ? நல்ல கதை மிஸ். உங்கட ஆக்களுக்கு எங்கட முறை விளங்காது."

இந்த வசனத்தை நான் இரண்டு பக்கத்தாரிடமும் கேட்டிருக்கிறேன். இறக்கக்கண்டியில் எங்கள் ஆள் ஒருவர் தமிழ் உத்தியோகத்தரிடம் இதையே சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது கால் வலிதான் வருகிறது.

"சரி ஐயா, என்னை நம்பவேண்டாம். பட்ட மரத்தில ஒண்டைப் பிளந்து பாப்பம். புழுவுக்குக் கால் இருந்தா எருவில வந்தது, எருதான் எண்டு எழுதுவன். கூடு இருந்து, புழுவுக்குக் கால் இல்லை எண்டா, செவ்வண்டு எண்டு எழுதுவன்."

"இப்ப ஏலாது. சடங்கு வருது. முடியும் மட்டும் வளவுக்குள்ள கோடாலி வைக்கமாட்டம்."

"அப்ப சடங்கு முடிய வாறன். அதுமட்டும் நான் சபைக்கு ஒண்டும் சொல்லமாட்டன். ஒரு உதவி மட்டும் செய்யுங்கோ. இந்த நாலாவது மரத்தில வெட்டாதேங்கோ."

அவர் மர வரிசையைத் திரும்பிப் பார்த்தார். கை எட்டும் உயரத்தில் அந்த வளவில் வேறு மரம் இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வேலியைச் சுற்றி ஜவ்பரிடம் போனேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், மெலிந்த மனிதர். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். நாலைந்து மாடுகள், எல்லாம் ஊர் மாடு. ஒன்றுக்கு ஒரு கொம்பு வளைந்து கண்ணை மறைத்தது.

"வாங்க தங்கச்சி. கொட்டில உடைக்க வந்தீங்களா?"

"எருவப் பாக்க வந்தன் நானா." எங்களில் அண்ணனுக்கு நானா.

மண்வெட்டியால் கும்பியைப் புரட்டினேன். கொழுத்த வெள்ளைப் புழுக்கள் சுருண்டு சுருண்டு விழுந்தன. மார்பில் ஆறு கால்கள். கருவண்டின் பிள்ளைகள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப அவர் செல்றது சரிதான்."

"பாதி சரி. ஓலையக் கடிச்சது இங்க பொறந்ததுதான். மரத்தச் சாகடிச்சது வேற வண்டு." கும்பியை அடிக்கடி புரட்டிக் கோழியை விடும்படியும், மேலே பழைய வலை போட்டு மூடும்படியும் சொன்னேன். வலையில் சிக்குகிற வண்டைக் கொன்றுவிடலாம்.

"செய்றன். அவருக்குச் செல்லிட்டீங்களா, வேற வண்டு எண்டு?"

"சென்னன். நம்பல்ல. சடங்கு முடிய மரத்தப் பொளந்து காட்டுவன். அது மட்டும் பொறுங்க நானா."

ஜவ்பர் மாட்டின் முதுகில் தண்ணீர் ஊற்றினார். "அந்த மரம் எல்லாம் நட்ட நேரம் குழிக்கு எரு போட்டது நான்தான் தங்கச்சி. தள்ளுவண்டில வெச்சுத் தள்ளிக் கொண்டுபோய் நான்தான் போட்டன். இப்ப என்ட எரு நஞ்சு."

மண்வெட்டியைக் கொட்டிலில் சாய்த்துவிட்டு வந்தேன். வண்டைப் பற்றி என்றால் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு என் கணவர் கலீலுர் றஹ்மானிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் தொலைக்காட்சியில் இருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ரெண்டு வண்டும் எண்டு எழுதிட்டு வாங்களேன். ஆருக்கும் நோகாது."

"ஆருக்கும் நோகாம எழுதினா கொட்டில் போகும். ரெண்டும் எண்டா எருவும் எண்டுதானே வரும்?"

"அப்ப சிவப்பு எண்டு எழுதுங்க. நாளைக்கு உங்களத்தான் தின்பாங்க."

அவர் சொன்னதும் சரி. மரத்தைப் பிளந்து எல்லார் கண்ணுக்கும் காட்டிவிட்டால் என் வாய் பேச வேண்டிய தேவை இல்லை என்று நினைத்தேன். அதனால்தான் காத்திருந்தேன். சடங்கு முடிந்தது. எட்டாம் நாள் செய்யும் சடங்கும் முடியட்டும் என்று குலசிங்கம் தொலைபேசியில் சொன்னார். பிறகு புல்மோட்டையில் எனக்கு வேறு வேலை வந்தது, சில வாரம் போனது. ஒருவழியாகக் கட்டைபறிச்சானுக்குத் திரும்பிப் போனபோது வெயில் ஏறியிருந்தது.

முதலில் ஜவ்பரின் பக்கம்தான் கண்ணில் பட்டது. எருக்கும்பி இல்லை. கூட்டி அள்ளிய நிலம் வெறுமையாகக் கிடந்தது. கொட்டிலுக்குள் கயிறுகள் மட்டும் தொங்கின. ஜவ்பர் கொட்டில் வாசலில் குந்தியிருந்தார்.

"மாடு எங்க நானா?"

"குடுத்திட்டன்."

"என்னத்துக்கு? பொறுங்க எண்டு சென்னன்தானே. அது செவ்வண்டு. இண்டைக்குப் பொளந்து காட்டத்தான் வந்திரிக்கன்."

"செகப்போ கறுப்போ தங்கச்சி, எனக்குக் கதைக்க ஏலாமப் போயிட்டு. அங்கால இருந்து வந்து கதைச்சாங்க, சடங்கு நேரம் எரு மணக்குது எண்டு. பள்ளிவாசல் பக்கத்தால வந்து கதைச்சாங்க, நம்மட ஊருக்குப் பிரச்சின எடுத்துத் தராத எண்டு. ரெண்டு பக்கமும் நல்லதாத்தான் கதைச்சாங்க. ஒருத்தரும் ஏசல்ல. ஏசியிருந்தா நானும் ஏசிட்டு இருந்திருப்பன்."

நான் ஒருமுறை முந்தி வந்திருக்கலாம் என்று மனம் அடித்துக்கொண்டது. வேலியைச் சுற்றி அடுத்த வளவுக்குப் போனேன்.

குலசிங்கம் கோடாலியோடு ஆயத்தமாக நின்றார். வெற்றி பெற்றவரின் முகம் அல்ல அது, ஆனால் ஆறுதலான முகம். "இனி என்னத்துக்கு மிஸ் பிளக்கிறது? பிரச்சினை முடிஞ்சுது. ஜவ்பர் நல்ல மனிசன், தானே எடுத்திட்டார்," என்றார்.

"பிளவுங்கோ ஐயா."

கடைசியாகப் பட்ட கட்டையைச் சாய்த்தார். கோடாலி ஆழ இறங்கியதும் புளித்த நாற்றம் கிளம்பியது. உள்ளே மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நனைந்த தும்பு, சுரங்கம் சுரங்கமாக. தும்பால் பின்னிய கூடுகள் ஈச்சங்காய் அளவில் உதிர்ந்தன. ஒன்றை உரித்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். செந்நிற வண்டு, வளைந்த மூக்கோடு மெல்ல அசைந்தது. இன்னொரு சுரங்கத்தில் மஞ்சள் புழு ஒன்று. அதையும் எடுத்து வைத்தேன்.

"கால் இருக்கோ பாருங்கோ."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். புழுவைத் திருப்பிப் பார்த்தார். கனகம்மா அக்காவும் வந்து எட்டிப் பார்த்தார்.

"இல்லை," என்றார் குலசிங்கம்.

நான் நாலாவது மரத்தடிக்குப் போனேன். ஓலைகள் இன்னும் பச்சைதான். மட்டையடியில் புதிய கத்தி வெட்டு இருந்தது, அதன்மேல் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. காதை வைத்தேன். ஆட்கள் ஓய்ந்த மேசையில் ஒருவர் மட்டும் முறுக்குக் கடிப்பது மாதிரி உள்ளே கேட்டது. நான் விலகி நின்று அவருக்கு இடம் விட்டேன்.

அவர் துவாயைத் தோளில் இருந்து இறக்கிவிட்டுக் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"கேக்குதோ ஐயா?"

"கேக்குது." கண்ணைத் திறந்து, "இப்ப எருவும் இல்லை," என்றார்.

"ஓம்."

"ஜவ்பரிட்டச் சொன்னீங்களோ, இது சிவப்பு எண்டு?"

"சொன்னன்."

கனகம்மா அக்கா தலையில் கையை வைத்துக்கொண்டார். "நான் சொன்னனான்தானே," என்றார் கணவரிடம். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கோபத்தோடு சொன்னமாதிரியும் இல்லை. "போய் அவரைக் கூப்பிடுங்கோ. வாயைத் திறந்து கூப்பிடுங்கோ."

குலசிங்கம் வேலியடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். ஜவ்பர் அந்தப் பக்கம் கயிறுகளைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வேலிக் கம்பியில் குலசிங்கத்தின் கை இருந்தது, விரல்களில் மரத்தின் தும்பு ஒட்டியிருந்தது.

"ஜவ்பர்," என்றார். "பிழை என்னிலதான். வண்டு உம்மட எருவால வந்ததில்லை. என்ர கத்தியால வந்தது."

"மிஸ் சென்னா."

"மாட்டை ஆரிட்டக் குடுத்தனீர்? தோப்பூரிலயோ? வாரும், இப்பவே போவம். நான் வாறன். திருப்பி வாங்குவம்."

ஜவ்பர் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். அவர் சொல்ல முன்னமே எனக்கு விளங்கிவிட்டது.

"பால்காரன் ஒருத்தனும் எடுக்கல்ல ஐயா. முறைப்பாட்டு மாடு எண்டு பயந்தாங்க. நான் எத்தினையோ பேரக் கேட்டன்." அவர் குரல் தணிந்தது. "திருப்பி வாங்குற இடத்துக்கு நான் குடுக்கல்ல."

குலசிங்கத்துக்கு முதலில் விளங்கவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கனகம்மா அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அப்போதுதான் விளங்கியது, மாடு இறைச்சிக்குப் போயிருக்கிறது என்று. கம்பியில் இருந்து கையை எடுத்தார். அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"அந்தக் கொம்பு வளைஞ்சதுமோ?" என்றார்.

"எல்லாம்தான் ஐயா."

ஜவ்பர் கயிறுகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். குலசிங்கம் வந்து நாலாவது மரத்தடியில் உட்கார்ந்தார். இந்த மரத்தையும் இன்றைக்கே வெட்டி எரிக்க வேண்டும், விட்டால் ஊர் முழுக்கப் பரவும் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அது என் வேலை. சொன்னேன். அவர் தலையாட்டினார்.

கோடாலியைக் கனகம்மா அக்காதான் எடுத்து வந்து கொடுத்தார்.